டாக்டர் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் காஞ்சீபுரம் கச்சபேசுவரர் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் நெரியும். கடைசி ஞாயிறன்று கேட்கவே வேண்டாம். அந்தத் திருவிழாவுக்குக் "கடை ஞாயிறு" என்று பெயர்.

ஆண்களும் பெண்களும் மண் சட்டியில் மாவிளக்கு ஏற்றுவார்கள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு கோவிலைச் சுற்றி வருவார்கள். தலை சம்பந்தமான நோய்கள் தீரும் என்பது மக்களின் நம்பிக்கை.

தலைவலி, தலைச்சுற்றல், வலிப்பு, மனக் குழப்பம்! எல்லாமே தலைக்குள் இருந்து வருகிற துன்பங்கள்தான்.

கும்பிட்டுவிட்டுக் கோவிலை விட்டு வெளியே வருகிறார்கள். அடுத்து டாக்டரிடம் போக வேண்டும். எந்த டாக்டரிடம் போவது? அங்கேதான் பல குடும்பங்கள் திகைத்து நின்றுவிடுகின்றன.

பெயர்ப் பலகையில் டாக்டர் பெயருக்குப் பின்னால் வரிசையாக எழுத்துகள் இருக்கின்றன. அவற்றுக்கு அர்த்தம் என்ன? அந்த எழுத்துகளை யார் கொடுத்தார்கள்? எதற்காகக் கொடுத்தார்கள்?

இதைத் தெரிந்துகொள்ளாததால் பணத்தை இழந்தவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம், நோய் முற்றிப்போவதுதான்.

சரிகைக்குச் சோதனை உண்டு

காஞ்சீபுரத்து மக்களுக்குச் சோதனை என்பது புதிய சங்கதி அல்ல.

ஒரு பட்டுச் சேலையின் மதிப்பு சரிகையில் இருக்கிறது. பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது அசல் சரிகை. அசலும் போலியும் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றுபோலவே மின்னும். ஆகையால் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எந்திரத்தில் வைத்து, வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதித்துச் சொல்கிறார்கள். காஞ்சீபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

ஒரு சேலைக்கே இத்தனை சோதனை! பெற்ற பிள்ளையின் மூளையையும் மனத்தையும் ஒப்படைக்கிற டாக்டருக்குச் சோதனை இருக்காதா?

இருக்கிறது. கடுமையான சோதனை இருக்கிறது. அந்தச் சோதனையில் தேறியதற்கு அடையாளம்தான் அந்த எழுத்துகள்.

நரம்பா, மனமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நரம்பு நோய் வேறு. மன நோய் வேறு. நம் ஊரில் இரண்டையும் சேர்த்து "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு நெசவாளர் வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள்.

அப்பாவுக்கு வயது 60. நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்தவர். சும்மா இருக்கும்போது அவருடைய வலது கை நடுங்குகிறது. நடை தளர்ந்துவிட்டது. முகத்தில் சிரிப்பு வருவதில்லை. "வயசாகிவிட்டது" என்று கடையில் டானிக் வாங்கிக் கொடுக்கிறார்கள். அது பார்க்கின்சன் என்ற நோயாக இருக்கலாம். மூளையில் சுரக்கும் ஒரு ரசாயனப் பொருள் குறைந்துபோவதால் வருவது. அதற்கு மருந்து இருக்கிறது. அவர் போக வேண்டியது நரம்பு டாக்டரிடம்.

மகளுக்கு வயது 17. அவளுக்கு வலிப்பு வருகிறது. வந்தவுடன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். வலிப்பு நின்றுவிடுகிறது. சாவியால் நின்றது என்று நினைக்கிறார்கள். உண்மை என்னவென்றால், வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வலிப்பும் மூளை சம்பந்தமான நோய்தான். அவளும் நரம்பு டாக்டரிடம் போக வேண்டும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு வலிப்பு கட்டுப்படும்.

மகனுக்கு வயது 21. இரவில் தூங்குவது இல்லை. யாரோ காதில் பேசுவதாகச் சொல்கிறான். அம்மா போடும் சோற்றில் விஷம் இருக்கிறது என்கிறான். "செய்வினை" என்கிறார் ஒருவர். "கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்கிறார் இன்னொருவர். இரண்டும் தவறு. இது மன நோய். அவன் போக வேண்டியது மனநோய் டாக்டரிடம்.

பார்த்தீர்களா? ஒரே வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் "நரம்புத் தளர்ச்சி" என்று ஒரே பெயர் வைத்தால் என்ன ஆகும்?

ஆனால் இரண்டு துறைகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. மூளையில் கட்டி வந்தால், சிலருக்கு முதலில் தெரிவது குணத்தில் மாறுதல்தான். தைராய்டு சுரப்பி கெட்டாலும் மனம் சோர்ந்துபோகும். ஆகவே மனநோய் டாக்டருக்கு உடம்பு வைத்தியம் தெரிந்திருக்க வேண்டும். நரம்பு டாக்டருக்கு மனத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த இரண்டு துறைகளுக்கும் சேர்த்து ஒரே பரீட்சைக் குழு வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரே எழுத்து, இரண்டு அர்த்தம்

ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு டாக்டரின் பலகையில் "டி.ஓ." என்று இருந்தால் அவர் கண் டாக்டர். கண் வைத்தியத்தில் பட்டயம் பெற்றவர் என்று பொருள்.

அதே "டி.ஓ." அமெரிக்காவில் ஒரு டாக்டரின் பலகையில் இருந்தால் அர்த்தம் அடியோடு வேறு. அவர் ஆஸ்டியோபதி டாக்டர்!

ஆஸ்டியோபதி என்றால் என்ன? எலும்பு, தசை, மூட்டு இவற்றைக் கையால் நீவி, அழுத்தி, சரிசெய்து நோயைக் குணப்படுத்த முயலும் முறை. அப்படித்தான் அது தொடங்கியது. அது தொடங்கிய கதை சோகமானது.

பிள்ளைகளைப் பறிகொடுத்த டாக்டர்

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1828-ல் அமெரிக்காவில் பிறந்தார். அப்பாவிடம் வைத்தியம் கற்று டாக்டர் ஆனார்.

1864-ம் ஆண்டில் அவருடைய வீட்டில் இடி விழுந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் காய்ச்சல் வந்து, மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். தகப்பன் டாக்டர். தெரிந்த வைத்தியத்தை எல்லாம் செய்தாயிற்று. ஒன்றும் பலிக்கவில்லை!

அந்தக் காலத்து மருந்துகளில் பாதரசம் இருந்தது. நோயைவிட மருந்து கொடியதாக இருந்தது. ஸ்டில் மருந்தை வெறுத்தார். எலும்புகளை ஆராய்ந்தார். உடம்பின் அமைப்பைச் சரிசெய்தால் உடம்பு தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் என்று 1874-ல் அறிவித்தார். 1892-ல் மிசூரி மாநிலத்தில் உள்ள கிர்க்ஸ்வில் என்ற ஊரில் ஒரு கல்லூரியைத் திறந்தார். அந்தக் காலத்திலேயே பெண்களையும் மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டார்.

1914-ல் அதே மாநிலத்தில் மேக்கன் என்ற ஊரில் ஆஸ்டியோபதி டாக்டர்கள் மன நோயாளிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். மன நோயைக் கட்டுப்படுத்த இன்று இருப்பது போன்ற மாத்திரை அப்போது உலகத்தில் எங்குமே இல்லை. பூட்டி வைப்பதுதான் பல இடங்களில் வைத்தியம்!

மற்ற டாக்டர்கள் ஆஸ்டியோபதி டாக்டர்களை மதிக்கவில்லை. தங்கள் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கவும் இல்லை. என்ன செய்வது? ஆஸ்டியோபதி டாக்டர்கள் சொந்தமாக ஆஸ்பத்திரிகள் கட்டினார்கள். சொந்தமாகப் பரீட்சைக் குழுக்களும் அமைத்தார்கள்.

இரண்டு பரீட்சைக் குழுக்கள்

மற்ற டாக்டர்கள் 1934-ல் நரம்பு நோய்க்கும் மன நோய்க்கும் சேர்த்து ஒரு பரீட்சைக் குழுவை ஏற்படுத்தியிருந்தார்கள். ஆஸ்டியோபதி டாக்டர்களும் அதே இரண்டு நோய்களுக்காகத் தனிக் குழு அமைத்துக்கொண்டார்கள். இன்றுவரை இரண்டும் இருக்கின்றன.

இந்தக் குழு கொடுப்பது என்ன? வைத்தியம் செய்யும் உரிமை வேறு. குழு கொடுக்கும் சான்றிதழ் வேறு.

உரிமையை அரசாங்கம் கொடுக்கிறது. அது இல்லாமல் ஊசி போடவே கூடாது. சான்றிதழ் அதற்கும் மேலே. "இவர் மன நோயில் தேர்ந்தவர்", "இவர் நரம்பு நோயில் தேர்ந்தவர்" என்று அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் சாட்சி அது.

அதைப் பெறுவது சுலபம் அல்ல. கல்லூரியில் 4 ஆண்டு. பிறகு ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் 4 ஆண்டு. பிறகு ஆஸ்பத்திரியில் இரவு பகலாக 4 ஆண்டு பயிற்சி. அதற்குப் பிறகுதான் பரீட்சை! தேறினாலும் நிம்மதியாக உட்கார முடியாது. சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். புதிய சங்கதிகளைப் படித்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்டில் சொன்ன எல்லாவற்றையும் பிற்கால விஞ்ஞானம் ஏற்கவில்லை. எல்லா நோய்க்கும் எலும்புதான் காரணம் என்பதைச் சோதனைகள் நிரூபிக்கவில்லை. ஆகவே ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் மாறின. மருந்து, அறுவை எல்லாவற்றையும் முழுமையாகக் கற்றுக்கொடுத்தன. கையால் நீவும் முறையையும் விட்டுவிடவில்லை. 1973-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் அவர்களுக்கு முழு உரிமை கொடுத்துவிட்டன. 2020 முதல் இரு தரப்பு டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிப் பயிற்சி ஒரே ஏற்பாட்டின் கீழ் நடக்கிறது.

படித்தார்கள்; சோதனைக்கு உட்பட்டார்கள்; மதிப்பைப் பெற்றார்கள்!

ஒன்றை மறக்கக் கூடாது. இது அமெரிக்கக் கதை. இங்கிலாந்தில் ஆஸ்டியோபதி செய்பவர்களுக்கு 1993-ல் தனிச் சட்டம் வந்தது. அங்கே அவர்கள் எலும்பு, தசை வலிக்குக் கை வைத்தியம் செய்பவர்கள் மட்டுமே. முழு டாக்டர்கள் அல்லர். நம் ஊரிலும் எம்.பி.பி.எஸ். படிக்காமல், நீவும் பயிற்சி மட்டும் பெற்ற ஒருவர், வலிப்புக்கோ மன நோய்க்கோ மாத்திரை எழுதிக் கொடுக்க முடியாது.

சென்னையில் தொடங்கிய வரலாறு

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம்.

சென்னையில் மன நோயாளிகளுக்கான விடுதி 1794-லேயே ஏற்பட்டுவிட்டது. வாலன்டைன் கொனோலி என்ற டாக்டர் அதைப் புரசைவாக்கத்தில் நடத்தினார். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் இப்போது இருக்கும் இடத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது. "கீழ்ப்பாக்கம்" என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே பிறர் சிரிக்கும்படி ஆகிவிட்டது. அது எத்தனை குடும்பங்களின் கண்ணீர்! சிரித்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் மன நோய்க்கென்றே படித்த டாக்டர்கள் மிகக் குறைவு. அந்தக் குறையைப் போக்க 1954-ல் பெங்களூரில் அகில இந்திய மனநலக் கழகம் ஏற்பட்டது. இன்று "நிம்ஹான்ஸ்" என்று சொல்கிறோமே, அதன் முன்னோடி அதுதான். 1955-ல் அங்கே மனநோய் வைத்தியத்துக்குப் பட்டயப் படிப்பு தொடங்கியது. அதன் பெயர் "டி.பி.எம்.".

பெங்களூரில் பயின்றவர்களில் ஒருவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநோய் டாக்டர்! மங்களூரில் 1923-ல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தலைமை வகித்தார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் உட்காரவில்லை. 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக "ஸ்கார்ஃப்" என்ற நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 98 வயது வரை வாழ்ந்து 2021-ல் மறைந்தார்.

நரம்புத் துறையிலும் தமிழ்நாடு முன்னால் நின்றது. 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு வைத்தியப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். மறு ஆண்டு, 1950-ல், சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவர் சீர்காழியில் பிறந்தவர். 1951-ல் இவர்களும் இன்னும் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். அன்று 4 பேர்!

எத்தனை ஆண்டுப் படிப்பு?

இப்போது பலகையைப் படிப்போம்.

"எம்.பி.பி.எஸ்." என்பது அடிப்படைப் பட்டம். பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. இது எல்லா டாக்டர்களுக்கும் பொது.

"எம்.டி. (மனநோய்)" என்று இருந்தால் மேலும் 3 ஆண்டு மன நோயை மட்டும் படித்தவர். ஆக, எட்டரை ஆண்டு. "டி.பி.எம்." பெற்றவரும் மனநோய் டாக்டர்தான்.

"டி.எம். (நரம்பியல்)" என்று இருந்தால், எம்.பி.பி.எஸ். முடித்து, பொது வைத்தியத்திலோ குழந்தை வைத்தியத்திலோ எம்.டி. பெற்று, அதற்கும் மேல் 3 ஆண்டு நரம்பு நோயைப் படித்தவர். கூட்டிப் பார்த்தால் பதினொன்றரை ஆண்டு!

"டி.என்.பி." என்றும் சில பலகைகளில் இருக்கும். அமெரிக்காவில் இருப்பது போன்ற தேசியப் பரீட்சைக் குழு இந்தியாவில் 1975-ல் ஏற்பட்டது. அந்தக் குழு நாடு முழுவதற்கும் ஒரே மாதிரிப் பரீட்சை வைத்துக் கொடுக்கும் பட்டம் இது.

"எம்.டி." என்ற இரண்டு எழுத்தைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடக் கூடாது. எந்தத் துறையில் எம்.டி. என்று பார்க்க வேண்டும். பொது வைத்தியத்தில் எம்.டி. உண்டு. தோல் நோயில் எம்.டி. உண்டு. எழுத்து ஒன்றுதான்; படித்தது வேறு வேறு.

பரீட்சை எப்படி நடக்கும்?

மனநோய் எம்.டி. பரீட்சை எழுத்துப் பரீட்சையோடு முடிவது இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். பிறகு வருகிறது உண்மையான சோதனை.

முன்பின் பார்த்திராத ஒரு நோயாளியை மாணவரிடம் ஒப்படைப்பார்கள். நோயாளியிடம் பேச வேண்டும். வீட்டாரிடம் விசாரிக்க வேண்டும். தூக்கம் எப்படி, பசி எப்படி, பேச்சு எப்படி, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று பக்குவமாகக் கேட்க வேண்டும். உடம்பையும் சோதிக்க வேண்டும். என்ன நோய், என்ன வைத்தியம் என்று சொல்ல வேண்டும்.

எதிரே 4 பரீட்சகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் வெளியூர்க்காரர்களும் இருப்பார்கள். சரமாரியாகக் கேள்விகள்! "ஏன் இந்த மருந்து? ஏன் அந்த மருந்து இல்லை? நோயாளி கர்ப்பிணியாக இருந்தால் என்ன செய்வாய்?"

இதில் தேறினால்தான் பட்டம். பட்டம் பெற்றதும் அதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்குப் பிறகே பலகையில் போட்டுக்கொள்ளலாம்.

சித்த வைத்தியத்திலும் உண்டு

"அமெரிக்காவில் ஆஸ்டியோபதி டாக்டர்களுக்குத் தனிச் சான்றிதழ் இருப்பதுபோல், நம் நாட்டு வைத்தியத்தில் மன நோய்க்குத் தனிப் படிப்பு இல்லையா?" என்று கேட்கலாம்.

இருக்கிறது!

சித்த வைத்தியத்தில் மன நோய்களுக்குக் "கிரிகை" என்று பெயர். கையால் பிடித்து நீவும் "தொக்கணம்" என்ற முறையும், வர்மப் புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் சிகிச்சையும் சித்தத்தில் உண்டு. கடல் கடந்த ஆஸ்டியோபதிக்கு ஒருவகையில் ஒன்றுவிட்ட உறவு என்றே சொல்லலாம்.

இன்று சித்த டாக்டராவதற்கு "பி.எஸ்.எம்.எஸ்." என்ற ஐந்தரை ஆண்டுப் படிப்பு இருக்கிறது. அதற்கு மேல் 3 ஆண்டு எம்.டி. (சித்தா). அதில் ஒரு பிரிவுக்குச் "சிறப்பு மருத்துவம்" என்று பெயர். வர்மம், தொக்கணம், மன நோய் எல்லாம் அந்தப் பிரிவில் வருகின்றன. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் அதைப் படிக்கலாம். 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் படிக்கலாம். 2019 வரை தாம்பரம் காஞ்சீபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது.

2017-ல் பாராளுமன்றம் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. மனநல வல்லுநர்கள் யார் யார் என்று அதில் பட்டியல் இருக்கிறது. சித்தாவில் சிறப்பு மருத்துவம் படித்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. "சிறப்பு மருத்துவம்" என்ற தமிழ்ப் பெயரே டில்லிச் சட்டத்தில் அப்படியே ஏறியிருக்கிறது!

ஆனால் "மனநோய் டாக்டர்" என்ற பெயரை அந்தச் சட்டம் எம்.பி.பி.எஸ். படித்து, மன நோயில் மேற்படிப்பு முடித்தவருக்கே கொடுக்கிறது. மனோதத்துவம் படித்த ஆலோசகர்களும் நல்ல தொண்டு செய்கிறார்கள். பேசிப் பேசி மனத்தைத் தேற்றுவார்கள். ஆனால் மருந்து எழுதும் உரிமை அவர்களுக்கு இல்லை.

மூலிகை என்றால் ஆபத்தே இல்லை என்று நினைப்பதும் தவறு. சர்ப்பகந்தா என்று ஒரு மூலிகை. நம் நாட்டில் பைத்தியத்துக்குக் கொடுத்து வந்தார்கள். 1931-ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வைத்தியர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். 1952-ல் அதிலிருந்து "ரெசர்பின்" என்ற மருந்தைப் பிரித்து எடுத்தார்கள். 1954-ல் அது அமெரிக்க மன நோய் ஆஸ்பத்திரிகளுக்கே போய்ச் சேர்ந்தது! நல்ல மருந்துதான். ஆனால் அளவு மீறினால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். சிலருக்கு மனச்சோர்வும் வந்தது. மூலிகையானாலும் மாத்திரையானாலும் அளவு தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும்.

ஏர்வாடி கற்பித்த பாடம்

படித்த டாக்டரிடம் போகாவிட்டால் என்ன நடக்கும்?

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோய் விடுதியில் விடியற்காலையில் தீப்பிடித்தது. நோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டார்கள்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் எதிரிகளா? இல்லை. பெற்ற தாய் தகப்பன், உடன்பிறந்தவர்கள். வேறு வழி தெரியாதவர்கள். படித்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று தெரியாதவர்கள்.

இன்று மன நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம். 2017-ம் ஆண்டுச் சட்டம் அதை அடியோடு தடை செய்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற விடுதியில்தான் நோயாளியைச் சேர்க்கலாம். சாமி கும்பிடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எந்த டாக்டரும் தடுப்பது இல்லை. கும்பிடுகிற கை மாத்திரையையும் கொடுக்கட்டும் என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள்.

படிக்காமல் டாக்டர் வேலை செய்கிறவர்களுக்கும் தண்டனை உண்டு. 2019-ம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே!

குடும்பத்தார் செய்ய வேண்டியது

டாக்டரிடம் போகும்போது நான்கு சங்கதிகளைப் பாருங்கள்.

1. பலகையிலும் மருந்துச் சீட்டிலும் பதிவு எண் இருக்கிறதா? டாக்டர்கள் அதைப் போட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை வைத்து, கவுன்சிலின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

2. எந்தத் துறையில் மேற்படிப்பு? வலிப்பு, பக்கவாதம், கை நடுக்கம் என்றால் நரம்பியல். காதில் குரல் கேட்பது, காரணம் இல்லாத பயம், தீராத சோகம், சந்தேகம், குடியை விட முடியாமை என்றால் மனநோய்த் துறை.

3. பக்கவாதம் என்றால் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-க்குச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

4. "ஒரே வாரத்தில் குணம்", "இனி மருந்தே வேண்டாம்" என்று சத்தியம் செய்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். படித்த டாக்டர் சத்தியம் செய்வது இல்லை. "மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்த மாதம் வாருங்கள்" என்றுதான் சொல்வார்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். காஞ்சீபுரத்தில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் செங்கல்பட்டில் 1965-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அரசாங்கத்தின் மனநலத் திட்டம் நடக்கிறது. மருந்தும் இலவசம். வீட்டை விட்டு வெளியே வர வெட்கப்படுகிறவர்கள் 14416 என்ற எண்ணில் பேசலாம். 2022-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

மறைப்பதால் வரும் கேடு

இத்தனை வசதி இருந்தும் பலர் ஏன் போவது இல்லை?

"வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது" என்ற பயம். "தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற வெட்கம். வலிப்பை மறைத்துக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று அந்தப் பெண் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். முகூர்த்தச் சேலையின் மடிப்புக் கலைவதற்குள் வலிப்பு திரும்ப வருகிறது. யார் மேல் குற்றம்?

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை யாரும் மறைப்பது இல்லை. மூளைக்குச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

மன நோயில் முதல் சில மாதங்கள் மிகவும் முக்கியமானவை. சீக்கிரம் வைத்தியம் தொடங்கினால், படிப்பை விட்ட பையன் மறுபடியும் படிப்பான். தறியை விட்டவர் மறுபடியும் தறியில் உட்காருவார். தாமதித்தால் திரும்பி வரும் பாதை நீண்டுகொண்டே போகும்.

வாரத்தில் ஒரு நாள் காலைப்பொழுது போதும். பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். நோய் எப்போது தொடங்கியது, எத்தனை முறை வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இருந்து பார்த்தவர் ஒருவர் துணைக்குப் போகட்டும். பலகையில் உள்ள எழுத்துகளைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.